கீழே வைத்த தம்ளர்

வடக்கே பாலைவனத்தில் பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்களே, ரயில்காரர்கள் வேலைக்குப் போகாமல் வண்டியெல்லாம் நின்றுகிடந்ததே, அந்த வருஷம். மூன்று வருஷமாகத் திறந்திருந்த கள்ளுக்கடையை ஆடியில் மூடினார்கள். ஆவணியில் சாராயக்கடையையும் மூடினார்கள். மழை நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, தேதி தெரியாது. ஆனால் இப்படி நாலைந்து சங்கதியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டால் வருஷம் எங்கேயும் நழுவிப் போகாது, கண்ணு. அந்த ஆவணியில் உன் அம்மாவைப் பெண் கேட்கப் போன கதையை உனக்கு நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதி தெரியாததால்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டாய்.

நீ வந்ததும் போனதும் எனக்கு இன்னும் கனவு மாதிரிதான் இருக்கிறது. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாய். சில்லென்று இருந்தது. நம் பாப்பாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் அந்தப் பெங்களூர்ப் பையன் நவீன், தான் வேலை பார்க்கிற இடத்தில் தன் கையாலேயே செய்த பீர் என்றாய். "மத்ததெல்லாம் விசாரிச்சுட்டேன்ப்பா. சாராயத் தொழில் பண்றவனுக்குப் பொண்ணக் குடுக்கறதான்னு மனசு ஒப்ப மாட்டேங்குது. நீங்க ஒரு வாய் குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், ஆனால் உன் கண் சிரிக்கவில்லை. நான் ஒரு வாய் குடித்தேன். குடித்துவிட்டு டப்பாவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது நீ பையைத் தோளில் மாட்டியிருந்தாய். "சரிங்கப்பா" என்றாய். அவ்வளவுதான். நான் நாக்கைத் தேடி எடுத்துப் பேசுவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாய். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அந்த ருசியை விட்டு எழுந்து வர எனக்கு மனசில்லை, அதுதான் நிஜம்.

நேற்று பாப்பா வந்தாள். கண் வீங்கியிருந்தது. நீ அந்தப் பையன் வீட்டுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். "தாத்தா, கீழ வச்சுட்டீங்களாமே" என்று கேட்டாள், வேறொன்றும் கேட்கவில்லை. போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் அவளையே எதிரில் உட்காரவைத்து இதை எழுதச் சொல்கிறேன். உனக்கு எழுதுவதுதான் என்றாலும் மறைத்துப் படிக்கத் தேவையில்லை. பையன் வீட்டாருக்கும் படித்துக் காட்டு. நல்ல கையெழுத்தாம். எனக்கென்ன தெரியும், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. பேனா நின்றால் அவள் முகத்தைப் பார்க்கிறேன். மறுபடி ஊர்கிறது.

நம் பக்கத்துக் குடும்பங்களில் இருந்த வழக்கத்தை நீ கேள்விப்பட்டிருக்கிறாய். பெண் வீட்டார் ஒரு சொம்பில் கள் வைப்பார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் அதை எடுத்து முதல் வாய் குடிப்பான். சம்பந்தம் பிடித்திருந்தால் அந்தச் சொம்பை அப்படியே பெண்ணின் அப்பன் கையில் கொடுப்பான். பிடிக்கவில்லை என்றால் தரையில் வைத்துவிடுவான். தரை தொட்டால் முடிந்தது. பெண்ணின் அப்பன் "சரிங்க, கை கழுவுங்க, சாப்பிடலாம்" என்பான். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஏன், எதற்கு என்று ஒருவர் வாயும் திறக்காது. அதில் ஒரு மரியாதை இருந்தது, கண்ணு. பெண் கறுப்பு, சீர் போதாது என்று எதையும் நாலு பேர் நடுவில் சொல்லாமல், ஒரு சொம்பு தரையில் உட்காரும் சின்னச் சத்தத்தோடு எல்லாம் முடிந்துவிடும். நீ யாருக்காவது இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் அந்த அளவு சத்தத்தோடு சொல். போனில் சொல்லாதே.

என் தாய்மாமன் சின்னப்பன். நீ பிறக்கும்போது அவருக்குத் தலை நரைத்திருந்தது. ஊரில் அவருக்கு நாக்குக்காரர் என்று பேர். கள்ளுக்கடை இருந்த மூன்று வருஷமும் மாரண்டஹள்ளிக் கடைக்காரர் அவரைத்தான் நம்பியிருந்தார். தோப்புகளிலிருந்து விடியலில் பானை வந்து இறங்கும். மாமா ஒவ்வொரு பானையிலிருந்தும் ஒரு மடக்குக் குடிப்பார். பிறகு அந்தக் குவளையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து காதைக் கொடுப்பார். நுரை பேசும் என்பார். இப்போது இறக்கிய கள் பொரிகிற மாதிரி பேசும், நேற்றைய கள் முணுமுணுக்கும், தண்ணீர் கலந்தது வாயே திறக்காது. இதைக் கேட்டுவிட்டுத்தான் எந்தப் பானை கடைக்கு, எந்தப் பானை திரும்பிப் போக வேண்டும் என்று சொல்வார். கடை மூடிய பிறகு அவர் தக்காளி மூட்டை ஏற்றப் போனார். மோர் குடித்தால்கூட நாக்கில் வைத்து உருட்டிக்கொண்டு நிற்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

நான் உன் அம்மாவை முதலில் பார்த்தது அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனபோது. இங்கே மழை இல்லை என்றாலும் மேற்கே குடகில் பெய்திருந்தது. ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அருவியின் சாரல் புகை மாதிரி மேலே எழுந்து, வெயிலில் கரைந்து, மறுபடி எழுந்தது. அவளுக்கு அம்மா இல்லை. அப்பா மாதையன் பரிசல் தள்ளினார். இவள் கரையில் மீன் வறுத்து விற்றாள். நான் ஒரு துண்டு வாங்கி, அவளையே பார்த்துக்கொண்டு தின்றேன். "முள்ளப் பாத்துத் தின்னுங்க. என்னப் பாத்தா முள்ளு தெரியாது" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முள் தொண்டையில் மாட்டியேவிட்டது. அன்று பஸ்ஸில் வரும்போது அந்த முள் வலித்துக்கொண்டே இருந்தது, நான் சிரித்துக்கொண்டே வந்தேன். எழுதுகிறவள் இங்கே சிரிக்கிறாள். முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருக்கிற உன் அம்மா, காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

மாமாவிடம் சொன்னேன். அவரும் விசாரித்துவிட்டு, நாள் பார்த்து, ஆவணியில் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் அவருக்கு ஒரே கவலை. "கடை மூடிட்டாங்க. சொம்புல என்னத்தடா வப்பாங்க? மோரு வச்சா நான் என்ன தீர்ப்புச் சொல்றது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மாதையன் வீடு ஆற்றோரம் ஓலை வேய்ந்த வீடு. மாப்பிள்ளை உள்ளே வரக்கூடாது என்பதால் நான் வாசலில் கவிழ்த்து வைத்திருந்த பரிசலின் மேல் உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே சாணம் மெழுகிய தரை, அதன் மேல் வெயில் ஒரு துண்டு, மாமாவின் கால், மாதையனின் கால். பரிசலுக்குப் பூசிய தார் வெயிலில் இளகி என் வேட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

உன் அம்மாவின் அண்ணன் பெருமாள் அப்போதுதான் லீவில் வந்திருந்தான். முன்பு அப்பனோடு பரிசல் தள்ளிக்கொண்டிருந்தவன், பம்பாய்க்குப் போய்க் கப்பலில் சமையல்காரனாகச் சேர்ந்திருந்தான். "கள்ளு இல்லீங்க மாமா. அதுக்குப் பதிலா கடலத் தாண்டி வந்தது ஒன்னு இருக்குது" என்று ஆற்றுப் பக்கம் போனான். அங்கே கட்டியிருந்த ஒரு பரிசலின் ஓரத்திலிருந்து ஈரத்துணி மூட்டை ஒன்றை மேலே இழுத்தான். காலையிலிருந்து அது ஆற்றுத் தண்ணீரில் தொங்கிக் குளிர்ந்துகொண்டிருந்தது. பிரித்தால் ஒரு டப்பா. தகரம். மேலே கப்பல் படமும் ஏதோ எழுத்தும். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாயே இல்லியேடா இதுக்கு?" என்றார். பெருமாள் மேலே இருந்த வளையத்தில் விரலை விட்டு இழுத்தான். புஸ் என்று ஒரு பெருமூச்சு. அந்தச் சத்தம் எனக்கு வெளியே வரை கேட்டது. அந்த டப்பா அத்தனை தூரம் மூச்சை அடக்கிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"இது பீராடா?" என்று மாதையன் கேட்டார். "பீரு மாதிரிதான்ப்பா. ஏல்னு சொல்லுவாங்க. வெள்ளக்காரன் ஊர்ல இத நின்னு நிதானமாக் குடிப்பாங்க" என்றான் பெருமாள். சொம்பில் ஊற்றப் போனவனை மாமா தடுத்தார். "பித்தளையில ஊத்துனா நெறம் தெரியாது. கண்ணாடி தம்ளர் கொண்டா. நெறம் பாக்காம வாயில வக்க மாட்டேன்." பக்கத்து டீக்கடையிலிருந்து தம்ளர் வந்தது. பெருமாள் சாய்த்து ஊற்றினான். வெயில் துண்டில் அந்தத் தம்ளரை மாமா தூக்கிப் பிடித்தார். வெல்லம் காய்ச்சும்போது பாகு கறுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நிறம் வருமே, அது. அதற்குள் ஊசி ஊசியாகக் குமிழி மேலே போய்க்கொண்டிருந்தது. தரையிலும் மாதையன் முழங்காலிலும் அந்த நிறம் நடுங்கியது. அருவிச் சத்தம் மட்டும் தூரத்தில் இருந்தது.

மாமா மோந்து பார்த்தார். "மரத்துல எறங்குனது இல்ல இது. தானியம். மொள கட்டி, காய வச்சு, வறுத்துருக்கான். நம்மூர் ராகி வறுத்தா வருமே, அந்த வாசம்" என்றார். "பார்லிங்க மாமா" என்றான் பெருமாள். பிறகு மாமா குடித்தார். ஒரு மடக்கு. நாக்கில் உருட்டினார், கன்னத்தில் அதக்கினார், விழுங்கினார். முகம் சுருங்கியது. பிறகு மெல்ல மெல்ல விரிந்தது. அவர் கண் எங்கேயோ போய்விட்டது. மாதையன் வீட்டில் இருந்தும் போய்விட்டார், சம்பந்தம் பேச வந்ததை விட்டும் போய்விட்டார். கடை மூடியதிலிருந்து வேலையில்லாமல் கிடந்த அந்த நாக்குக்கு அன்றைக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது. பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போனது. தம்ளரைத் தரையில் வைத்தார். குனிந்து காதைக் கொடுத்தார்.

அந்தக் கண்ணாடி தரையைத் தொட்டதை நான் பார்த்தேன், கண்ணு. அந்த நேரத்தில் ஆறு ஓடவில்லை என்று சத்தியம் செய்வேன். சாரல் அப்படியே நின்றது. மாமா மட்டும் குனிந்தபடி, "இன்னும் பேசுது பாரு, இன்னும் பேசுது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்து நின்றார். "சரிங்க. கை கழுவுங்க, சாப்பிடலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. நீ "சரிங்கப்பா" என்றாயே, அச்சு அசலாக அதே குரல். தாத்தாவை நீ அதிகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் எப்படியோ உனக்கு வந்திருக்கிறது.

நான் எழப் பார்த்தேன். தார் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. அப்போது உள்ளேயிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. "அண்ணா, டப்பா யாரு கையில இருக்குது?"

"என் கையிலதான்" என்றான் பெருமாள்.

"காலியாயிருச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குது."

"அப்ப அவரு கீழ வச்சது டீக்கடைக்காரர் தம்ளரு. நம்ம வூட்டுல இருந்து குடுத்தது டப்பா. அது இன்னும் தரையத் தொடலியே."

"நீ உள்ள போம்மா" என்றார் மாதையன்.

"நான் உள்ளதானப்பா இருக்கறேன்."

அப்போதுதான் மாமா நிமிர்ந்தார். தரையில் தம்ளர், எதிரில் எழுந்து நிற்கும் மாதையன், வாசலில் நான். மூன்றையும் பார்த்தார். பெருமாள் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி மாதையனிடம் நீட்டினார். மாதையன் வாங்கவில்லை. பரிசல்காரர். சுழலில் எத்தனையோ பேரைக் கரை சேர்த்தவர். அவசரப்படமாட்டார். "பொண்ணு சட்டம் பேசுது. எனக்குச் சட்டம் வேணாம். நாக்குக்காரன் வாயால சொல்லு. அது நல்லா இருக்குதா, இல்லியா?" என்றார்.

நல்லா இருக்குது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். என் வாழ்க்கையே அந்த வார்த்தையில்தான் இருந்தது. நான் வெளியிலிருந்து மாமாவைப் பார்த்தேன், மாமா என்னைப் பார்த்தார். ஆனால் அந்த மனுஷனுக்குக் குடிக்கிற பொருளைப் பற்றிப் பொய் சொல்ல வராது. "கசக்குதுண்ணா" என்றார்.

மாதையன் தலையை ஆட்டினார்.

"இருண்ணா, முடிக்கல. கசக்குது. வேப்பங்கசப்பு இல்ல. நாரத்தங்காத் தோல் கசப்பு. முழுங்குன பின்னாடி அந்தக் கசப்புக்குப் பின்னால ஒரு இனிப்பு நடந்து வருது. மெதுவா வருது. எவ்ளோ தூரம் வருதுன்னு பாக்கலாம்னு இருந்தேன். கையில இருந்தாக் குடிச்சிருவேன். குடிச்சாத் தீந்துரும். தீரக்கூடாதுன்னு வச்சேன்ண்ணா. புடிக்காம வக்கல."

மாதையன் கையை நீட்டி டப்பாவை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். முகத்தை எட்டுக் கோணலாக்கினார். "ஏன்டா, இந்தக் கசாயத்தக் குடிக்கவாடா நீ கப்பலேறிப் போன?" என்று மகனைக் கேட்டார். உள்ளே ஒரு சிரிப்பு கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அதற்குப் பிறகு ஆறு மறுபடி ஓட ஆரம்பித்தது.

கடைசியில் பெருமாள் டப்பாவை எனக்குக் கொண்டுவந்து தந்தான். "அடியில கொஞ்சம் இருக்குதுங்க மாப்ள. உள்ள ஒரு வாய் போயிருச்சு. கசப்புப் பரவால்லைன்னு தங்கச்சி சொன்னா" என்றான். நுரை அடங்கியிருந்தது. சூடேறியிருந்தது. அந்தச் சின்ன ஓட்டை வழியாக ஒரு வாய்தான் வந்தது. வறுத்த ராகி வாசம், கொஞ்சம் தகர வாசம், வாய் வைத்த இடத்தில் மீன் மசாலா வாசம். முதலில் கசந்தது. மாமா சொன்ன இனிப்பு எனக்கு அங்கே வரவில்லை. பஸ் பென்னாகரம் தாண்டும்போதுதான் வந்தது. அந்த டப்பாவைத்தான் உன் அம்மா கையோடு கொண்டுவந்து, மேல்தகட்டை வெட்டி எடுத்து, ராகி அளக்க வைத்திருந்தாள். நீ நடக்கப் பழகிய நாளில் அதில் கல்லைப் போட்டு ஆட்டிக்கொண்டு வீடெல்லாம் சுற்றுவாய். துருப்பிடித்து அடி உதிர்ந்த பிறகுதான் அது நம் வீட்டை விட்டுப் போனது.

இதை உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அன்று பஸ்ஸில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாக்குக்காரன் தம்ளரக் கீழ வச்சுட்டு முழிச்சான்னு ஊருல சொல்லிராதடா. நான் இருக்கற வரைக்கும் வேணாம்" என்றார். அவர் இருந்தவரை சொல்லவில்லை. அவர் போன பிறகு, சொல்லாமல் இருந்ததே பழகிவிட்டது.

இப்போது உன் டப்பாவுக்கு வருகிறேன். நீ போன பிறகு அது தரையிலேயே இருந்தது. நான் கண்ணாடி தம்ளர் கேட்டு வாங்கி மீதியை ஊற்றிப் பார்த்தேன். நிறம் அதே நிறம். ஐம்பது வருஷம் கழித்து என் சுவரில் அதே வெளிச்சம் நடுங்கியது. வாசத்தில் வறுவல் சரியாக இருக்கிறது, தீய்ந்து போகவில்லை. கசப்பு அளவோடு நிற்கிறது. குறை ஒன்று உண்டு. பின்னால் வருகிற இனிப்பைப் பையன் கொஞ்சம் முன்னாலேயே இழுத்துவிட்டான். இன்னும் சில நாள் பொறுத்துப் பீப்பாயைத் திறந்திருக்கலாம். ஆசைப்பட்டு அவசரப்பட்டிருக்கிறான், யாரை நினைத்துக்கொண்டு செய்தானோ. அது திருத்திக்கொள்ளக்கூடிய குறைதான். பேர் வாங்கவேண்டும் என்று அதில் எதையும் சேர்க்கவில்லை, மறைக்கவும் இல்லை. என் நாக்கில் பாதி செத்துப்போயிற்று, மீதிப் பாதி சொல்கிற தீர்ப்பு இது. இப்படி ஒரு பொருளைச் செய்கிறவனைத் தொழிலைச் சொல்லி நீ ஒதுக்காதே. உன் அப்பனுக்குப் பெண் கிடைத்ததே இதே பொருளால்தான்.

நான் ஏன் கீழே வைத்தேன் என்று தெரிந்துகொண்டாய். மாமா வைத்த அதே காரணம். அது தவிர இன்னொன்று. நாம் பெண் வீட்டார். முதல் வாய் நம்முடையது இல்லை. பையனின் தாய்மாமன் நம் வீட்டுக்கு வந்து, குடித்துவிட்டு, நம் பக்கத்துக் கையில் கொடுக்கவேண்டும். அவர்கள் கன்னடம் பேசுகிறவர்கள், வழக்கம் தெரியாது என்பாய். சொல்லிக் கொடுத்தால் தெரிந்துவிடும். இன்றைக்கே பஸ் ஏறிப் பெங்களூர் போ. அவர்கள் வாசலில் நின்று, எங்கள் அப்பா தரையில் வைத்தது தீர்ப்பு இல்லை என்று நேரில் சொல். நாம் வைக்கவேண்டியதற்குப் பதிலாகப் பையனையே புதிதாக ஒரு டப்பா கொண்டுவரச் சொல். இந்த முறை பொறுமையாகத் திறக்கச் சொல்.

அதை அவர்கள் நீட்டும்போது வாங்கவேண்டிய கை உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. நான் வாசலில் தாரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், அந்த அறையில் எனக்கு இடமில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் மாதையன் முதலில் போனார். பெருமாள் தூரத்துத் துறைமுகம் ஒன்றில் போனான், உடல்கூட வரவில்லை. சின்னப்ப மாமா நாக்கில் ஒரு சொட்டுப் பாலை உருட்டிக்கொண்டே போனார். மிச்சம் ஒருத்திதான். அன்றைக்குத் தரையில் இருந்த என் வாழ்க்கையை எடுத்துக் கையில் கொடுத்தவள். இத்தனை வருஷத்தில் நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முற்றத்தில் மொச்சை உரிக்கும் சத்தம் நின்றுவிட்டது, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பாப்பா, பேனாவை நிறுத்தாதே, எழுது: மாதம்மா.